ஹைட்ரஜன் விழுங்கிய ஒளி: லைமன் ஆல்ஃபா காட்டை வாசிக்கக் கற்போம்

இரவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் கடற்கரைத் திடலில் நின்று எதிர்க்கரை பட்டர்வொர்த் விளக்குகளைப் பாருங்கள். நடுக்கடலில் ஒரு மழைத்திரை நகர்ந்து வந்தால் சில விளக்குகள் மங்கும், சில பளிச்சென்று நிற்கும். இருட்டில் மழை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் எந்த விளக்கு மங்கியது என்பதை வைத்தே மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்று சொல்லிவிடலாம். பேரண்டத்தில் பொருள் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று அறிய வானியலாளர்கள் கையாளும் ஒரு முறை இதேதான். விளக்குக்குப் பதில் குவாசார், மழைக்குப் பதில் ஹைட்ரஜன்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பட்டர்வொர்த் விளக்கு மங்கினால், மழை நமக்குப் பக்கத்தில் பெய்கிறதா, அக்கரையில் பெய்கிறதா என்று தெரியாது. ஹைட்ரஜன் தான் இருக்கும் தூரத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. இந்த முறையின் உயிர்நாடி இதுதான். அது எப்படி நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் வழக்கமாக அடிமட்ட ஆற்றல் நிலையில் இருக்கும். அது இரண்டாம் நிலைக்கு ஏற 10.2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைச் சுமந்து வரும் ஒளியின் அலைநீளம் 121.567 நானோமீட்டர். இது புறஊதா ஒளி, கண்ணுக்குப் புலப்படாது. தியோடர் லைமன் 1906இல் இந்த வரிசைக் கோடுகளைக் கண்டறிந்ததால் இதற்கு லைமன் ஆல்ஃபா என்று பெயர். இந்த ஒளியை விழுங்கிய அணு அதை மறுபடி வெளியே விடும், ஆனால் ஏதோ ஒரு திசையில். நம்மை நோக்கி வந்துகொண்டிருந்த ஒளி சிதறிப்போய்விடுகிறது. நமக்கு அது இழப்புத்தான்.

குவாசார் என்பது ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை வாயுவை இழுத்து விழுங்கும்போது, அந்த வாயு சூடேறிப் பிரகாசிக்கும் இடம். அதன் ஒளியில் எல்லா அலைநீளங்களும் கலந்திருக்கும். அந்த ஒளி நம்மை நோக்கிப் புறப்பட்டதும் பேரண்டம் விரிந்துகொண்டே போவதால் அதன் அலைகளும் நீண்டுகொண்டே வரும். இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். 115 நானோமீட்டரில் புறப்பட்ட ஓர் அலை சில நூறு மில்லியன் ஆண்டுப் பயணத்தில் 121.567 நானோமீட்டராக நீண்டிருக்கும். அந்தக் கணத்தில் அது கடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் இருந்தால் அங்கே அது விழுங்கப்படும். 110 நானோமீட்டரில் புறப்பட்ட அலையோ இன்னும் தள்ளி, நமக்குக் கொஞ்சம் அருகே இருக்கும் வாயுவிடம் சிக்கும். எல்லா வாயுவும் ஒரே அலைநீளத்தில்தான் கடிக்கிறது. ஆனால் ஒளி நீண்டுகொண்டே வருவதால் ஒவ்வொரு கடியும் நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்த பதிவில், வேறு வேறு இடத்தில் பதிகிறது. முடிவில் நம் கைக்கு வரும் நிறமாலை, குவாசாரின் லைமன் ஆல்ஃபா உச்சிக்கு நீலப் பக்கம் நூற்றுக்கணக்கான பள்ளங்களோடு அடர்ந்து நிற்கும். அதைத்தான் லைமன் ஆல்ஃபா காடு என்கிறார்கள்.

தூரத்தை வாசிக்கும் கணக்கு எளிது. பள்ளம் தெரியும் அலைநீளத்தை 121.567ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் அந்த வாயுவின் செம்பெயர்ச்சி எண் கிடைக்கும். 440 நானோமீட்டரில் ஒரு பள்ளம் இருந்தால் 440ஐ 121.567ஆல் வகுக்க 3.619. ஆக செம்பெயர்ச்சி 2.619. அந்த எண்ணிலிருந்து ஒளி எவ்வளவு காலம் பயணம் செய்தது என்பதை விரிவு வரலாற்றைக் கொண்டு கணக்கிடலாம். இந்த எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 11 பில்லியன் ஆண்டுகள்.

இங்கே தொடங்குவோர் பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. காட்டில் நாம் பார்ப்பது முழு ஹைட்ரஜனை அல்ல. அந்தக் காலத்துப் பேரண்ட வாயு கிட்டத்தட்ட முழுவதும் மின்னேற்றம் அடைந்தது. குவாசார்களும் இளம் விண்மீன்களும் வீசும் புறஊதா ஒளி எலக்ட்ரான்களைப் பிய்த்துவிட்டது. லட்சம் அணுக்களில் ஏறத்தாழ ஒன்றுதான் எலக்ட்ரானோடு நடுநிலையில் மிஞ்சியிருக்கும். அந்த ஒன்றுதான் ஒளியை விழுங்குகிறது. ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் 1965இல் சொன்ன வாதம் இதுவே: விண்வெளி வாயுவில் கொஞ்சம் கூடுதலாக நடுநிலை ஹைட்ரஜன் இருந்திருந்தாலும், லைமன் ஆல்ஃபாவுக்கு நீலப் பக்கம் ஒளியே வந்து சேர்ந்திருக்காது. செம்பெயர்ச்சி 2.01 கொண்ட 3சி 9 என்ற குவாசாரில் அந்தப் பக்கம் ஒளி வந்திருந்தது. ஆகவே வாயு மின்னேற்றம் அடைந்துதான் இருக்கவேண்டும். 1971இல் ரோஜர் லிண்ட்ஸ் இன்னொரு குவாசாரின் நெருக்கமான பள்ளங்களைப் பார்த்து, அவை வழியில் உள்ள ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடுகள் என்று விளக்கினார்.

மிஞ்சிய அந்த லட்சத்தில் ஒன்று ஏன் நமக்குப் பயன்படுகிறது? பிரிந்த எலக்ட்ரானும் புரோட்டானும் மறுபடி சேர்வது இரண்டும் சந்திக்கும் வாய்ப்பைப் பொறுத்தது. வாயு அடர்ந்தால் சந்திப்பு கூடும், நடுநிலை அணுக்களும் கூடும். அடர்ந்த வாயு சற்றுச் சூடாகவும் இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், அடர்த்தி இரண்டு மடங்கானால் உறிஞ்சும் வலிமை சுமார் மூன்று மடங்காகும். இவ்வளவு நேரான தொடர்பு வானியலில் அடிக்கடி கிடைக்காது. அந்த வாயுவோ பெரிய அளவில் கரும்பொருளின், அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருளின், ஈர்ப்பைப் பின்பற்றியே கூடுகிறது. ஆக, ஒளியில் விழுந்த பள்ளம் கரும்பொருள் வலையின் நிழல் என்று வாசிக்கலாம்.

முதலில் இந்தப் பள்ளங்களைத் தனித்தனி மேகங்கள் என்றே நினைத்தார்கள். 1990களின் கணினி உருவகங்கள் அந்தப் படத்தை மாற்றின. இழைகளும் தாள்களும் கணுக்களும் வெற்றிடங்களுமாக ஒரே தொடர்ச்சியான வலை, அதை ஊடுருவிச் செல்லும் ஒளிக்கோட்டில் அடர்த்தி ஏறி இறங்குவதுதான் காடு. எங்கள் பார்வையில் இந்த முறையின் பெருமை இதில்தான் இருக்கிறது. விண்மீன் மண்டலங்களை எண்ணினால் வலையின் மேடுகள் மட்டுமே தெரியும். பினாங்கு முழுக்கக் கொடிமலை உச்சியை மட்டும் வைத்து வரைபடம் போடுவது போல. காடோ சராசரி அடர்த்தி கொண்ட, யாரும் திரும்பிப் பார்க்காத சமவெளிகளை அளந்து தருகிறது. பேரண்டத்தின் பெரும்பரப்பு அதுதானே.

பினாங்கிலிருந்தே இதைப் பார்க்க முடியுமா என்ற கேள்வி வரும். குவாசாரைப் பார்க்கலாம். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் செம்பெயர்ச்சியைப் புரிந்துகொண்ட முதல் குவாசாரான 3சி 273 கன்னி ராசியில், சித்திரை விண்மீன் இருக்கும் அதே விண்மீன் குழுவில் இருக்கிறது. மே நடுவில் இரவு பத்து, பத்தரை மணிக்கு அது பினாங்கில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே வரும். பிரகாச எண் சுமார் 12.9. 20 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியும் இருண்ட வானமும் இருந்தால் ஒரு சிறு புள்ளியாகப் பிடிக்கலாம். ஜார்ஜ்டவுன் பக்கத்தைவிட பாலிக் புலாவ் பக்கம் இதற்கு நல்லது. ஆனால் அதன் செம்பெயர்ச்சி வெறும் 0.158. அதன் காடு 121.6இலிருந்து 140.8 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தப் புறஊதா ஒளியைக் காற்றுமண்டலம் தரைக்கு விடாது, ஹபிள் போன்ற விண்தொலைநோக்கிதான் வேண்டும். தரையிலிருந்து வசதியாக அளக்கச் செம்பெயர்ச்சி 2ஐத் தாண்டவேண்டும். அப்போது கோடு 365 நானோமீட்டருக்கு மேலே வந்து காற்றைத் தாண்டி இறங்கும்.

மேல் பக்கமும் ஓர் எல்லை உண்டு. செம்பெயர்ச்சி 2.3இல் காடு சராசரியாக 80 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஒளியை விட்டுவைக்கும். 3இல் மூன்றில் இரண்டு பங்கு. 4இல் சுமார் 40 விழுக்காடு. 6ஐத் தாண்டினால் ஒளி அறவே அடைபட்டுப்போகிறது. அத்தகைய முழு அடைப்பு 2001இல் செம்பெயர்ச்சி 6.28 கொண்ட குவாசாரில் காணப்பட்டது. பள்ளம் தரையைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு வாயு இருந்தாலும் வேறுபாடு தெரியாது. அதனால் பெருங்கட்டமைப்பு ஆய்வுக்கு 2இலிருந்து 3.5 வரைதான் வளமான பகுதி.

இனி வரைபடம். ஒரு குவாசார் தருவது ஒரு கோட்டை மட்டும். ஊசியால் ஒரு பலாப்பழத்தைக் குத்தி உள்ளே எத்தனை சுளை என்று சொல்லமுடியாது. லட்சம் ஊசி குத்தினால் சொல்லலாம். அமெரிக்காவில் அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட டெசி கருவி அந்த வேலையைச் செய்கிறது. அதன் குவியத்தளத்தில் 5,000 சிறு ரோபோ விரல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் ஒளியிழை. ஒவ்வொரு இலக்குத் தொகுப்புக்கும் விரல்கள் நகர்ந்து தத்தம் பொருளின் மேல் நிற்கும். இழைகள் ஒளியைப் பத்து நிறமாலைமானிகளுக்குக் கொண்டுபோகும். அவை 360இலிருந்து 980 நானோமீட்டர் வரை பதிவு செய்யும். தொடக்கமே 360 என்பதால் காட்டின் மிக அருகிய எல்லை செம்பெயர்ச்சி 1.96. 2.1ஐத் தாண்டிய குவாசார் என்று தெரிந்துவிட்டால் அதையே மீண்டும் மீண்டும் பார்த்து ஒளி சேர்ப்பார்கள், மங்கலான பொருளுக்கு ஒருமுறை போதாது.

டெசியின் பதிவில் ஒரு படப்புள்ளி அலைநீளத்தில் 0.08 நானோமீட்டர். செம்பெயர்ச்சி 2.33இல் இன்றைய அளவுக்கு விரித்துச் சொன்னால் அது சுமார் 2.7 மில்லியன் ஒளியாண்டு நீளம். ஒரு படப்புள்ளிக்குள்ளேயே நம் பால்வழியிலிருந்து ஆண்ட்ரொமீடா மண்டலம் வரை அடங்கிவிடும்.

படப்புள்ளிகளிலிருந்து அறிவியலை எடுக்க, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கணக்கிடுவார்கள். அளந்த ஒளியை, உறிஞ்சலே இல்லாதிருந்தால் வந்திருக்கவேண்டிய ஒளியாலும் அந்தச் செம்பெயர்ச்சியின் சராசரி ஒளிபுகு விகிதத்தாலும் வகுத்து, ஒன்றைக் கழிப்பது. 440 நானோமீட்டரில் குவாசாரின் மூல ஒளி 10 அலகு, அளந்தது 6 அலகு, சராசரி விகிதம் 0.76 என்றால் விடை மைனஸ் 0.21. எதிர்மறை என்றால் அங்கே சராசரியைவிட வாயு அதிகம். நேர்மறை என்றால் வெற்றிடம் பக்கம்.

பிறகு இரண்டிரண்டு படப்புள்ளிகளாக எடுத்து, இரண்டு எண்களையும் பெருக்கி, இடைத்தூரம் வாரியாகச் சராசரி போடவேண்டும். பெரும்பாலான தூரங்களில் விடை சீராகக் குறைந்துகொண்டே போகும். ஓர் இடத்தில் மட்டும் ஒரு சிறு மேடு எழும். சுமார் 480 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில். பெருவெடிப்புக்குப் பின் 380,000 ஆண்டுவரை ஒளியும் வாயுவும் பிணைந்து ஒலியலையாக ஓடின. அவை பிரிந்ததும் அலை அப்படியே உறைந்தது. அந்த உறைந்த தடம்தான் இந்த மேடு. அதன் உண்மை நீளம் நமக்குத் தெரியும் என்பதால் அது ஓர் அளவுகோல். செம்பெயர்ச்சி 2.33இல் பார்வைக்கோட்டின் நெடுகே அது சுமார் 14 நானோமீட்டர் இடைவெளியாகவும், வானின் குறுக்கே சுமார் 1.4 பாகையாகவும், அதாவது ஏறத்தாழ மூன்று முழுநிலா அகலமாகவும் தெரியும். முதல் அளவு அன்றைய விரிவு வேகத்தைத் தரும், இரண்டாவது தூரத்தைத் தரும்.

ஸ்லோன் தொலைநோக்கியின் பாஸ் ஆய்வு 2013இல் இந்த மேட்டைக் காட்டில் முதன்முறையாகப் பிடித்தது. ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த குவாசார்கள் போதுமாயின. டெசி 2024 ஏப்ரலில் வெளியிட்ட முதலாண்டு முடிவில் 420,000க்கு மேற்பட்ட காடுகள். அதன் தூர அளவின் துல்லியம் 1.1 விழுக்காடு. அன்றைய விரிவு வேகம் ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 3.26 மில்லியன் ஒளியாண்டு தூரத்துக்கு) வினாடிக்கு சுமார் 239 கிலோமீட்டர், இன்றைய வேகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2025 மார்ச்சில் காடுகளின் எண்ணிக்கை 820,000ஐத் தாண்டியது.

எங்கெல்லாம் தவறும்? உண்மையில் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

முதல் தலைவலி, மூல ஒளி. உறிஞ்சல் இல்லாத குவாசாரை யாரும் பார்த்ததில்லை, ஊகித்துத்தான் வரையவேண்டும். புதியவர்கள் பள்ளங்களுக்கு இடையே தெரியும் உச்சிகளை இணைத்து ஒரு வளைகோடு போடுவார்கள். டெசி போன்ற கருவியின் பிரிதிறன் சுமார் 3,000, அதாவது அலைநீளத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடுவரைதான் பிரித்துக் காட்டும். வேகக் கணக்கில் வினாடிக்கு 100 கிலோமீட்டர். காட்டின் ஒரு தனிக்கோட்டின் அகலமோ 20, 30 கிலோமீட்டர்தான். கோடுகள் ஒன்றோடொன்று குழம்பி உச்சிகளே தாழ்ந்திருக்கும். அவற்றை இணைத்தால் மூல ஒளியைக் குறைத்து மதிப்பிடுவோம், வாயுவும் குறைவாகத் தெரியும். சிவப்புப் பக்கத்துச் சாய்வை அப்படியே நீலப் பக்கம் நீட்டுவதும் சரிவராது, அந்த இடத்தில் குவாசாரின் சாய்வே மாறுகிறது. அதனால் எல்லாக் குவாசார்களுக்கும் ஒரு பொதுச் சராசரி வடிவம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உயரத்தையும் சாய்வையும் மட்டும் பொருத்துவார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. காட்டின் முழு நீளத்துக்கும் பரவிய உண்மையான அடர்த்தி ஏற்றம் இருந்தால், அதையும் இந்தப் பொருத்தம் விழுங்கிவிடும். அந்த இழப்பைக் கோட்பாட்டுப் பக்கமும் அதே அளவு கணக்கிட்டுச் சேர்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

இரண்டாவது, எல்லைகள். குவாசாருக்கு மிக அருகே அதன் சொந்த ஒளியே வாயுவை மின்னேற்றி உறிஞ்சலைக் குறைத்துவிடும். மறுபக்கம் லைமன் பீட்டா கோடு 102.572 நானோமீட்டரில் தொடங்கி இன்னொரு தொகுதிப் பள்ளங்களைக் கலந்துவிடும். ஆகவே குவாசாரின் சொந்த அளவில் 104இலிருந்து 120.5 வரை மட்டும் எடுப்பது வழக்கம்.

மூன்றாவது, அடர்வாயுத் தேக்கங்கள். சில பார்வைக்கோடுகள் ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுநிலை வாயுவைத் துளைத்துப் போகும். சதுர சென்டிமீட்டருக்கு 2க்குப் பின் 20 சுழி போட்ட எண்ணிக்கையில் அணுக்கள். அப்போது பள்ளம் தரைவரை இறங்கி, இரு பக்கமும் நெடுந்தூரம் சரிவு நீளும். ஒரே ஒரு பொருள் நூறு மில்லியன் ஒளியாண்டு அளவுக்கு அடர்ந்த வாயு போல நடிக்கும். கண்டுபிடித்து மறைக்கவேண்டும்.

நான்காவது, சிலிக்கன். சிலிக்கன் அயனி ஒன்று 120.65 நானோமீட்டரில் உறிஞ்சும், லைமன் ஆல்ஃபாவுக்கு மிக அருகே. ஒரே வாயு இரண்டு பள்ளம் போட, நாமோ இரண்டையும் ஹைட்ரஜன் என்று நினைத்தால், பார்வைக்கோட்டில் சுமார் 100 மில்லியன் ஒளியாண்டு இடைவெளியில் ஒரு போலி மேடு கிளம்பும். நல்ல வேளை, அது 480இலிருந்து தள்ளி இருக்கிறது. அதன் இடம் தெரிந்திருப்பதால் கணக்கில் சேர்த்துச் சமாளிக்கலாம். குவாசாரிலிருந்தே சீறிவரும் காற்று போடும் அகலமான பள்ளங்கள் வேறு கதை. அவை கார்பன் கோட்டில், 154.9 நானோமீட்டரை ஒட்டி நீலப் பக்கத்தில், தங்களைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் குவாசாரின் கறைபட்ட பகுதிகளை மறைத்துவிட வேண்டும்.

நீங்களே செய்துபார்க்க ஒரு மடிக்கணினியும் பைத்தான் நிரல்மொழியும் போதும். ஸ்லோன் ஆய்வின் நிறமாலைகளும் டெசியின் முதல் தரவுத் தொகுப்பும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் உள்ளன. ஸ்லோனில் தொடங்குவது எளிது. செம்பெயர்ச்சி 2.6இலிருந்து 3 வரை, எச்சரிக்கைக் குறி சுழியாக உள்ள, பிரகாசமான இருபது குவாசார்களைத் தேர்ந்தெடுங்கள். கோப்பில் அலைநீளம் மடக்கையாக இருக்கும், பத்தின் அடுக்காக மாற்றவேண்டும். விடை ஆங்ஸ்ட்ராமில் வரும், பத்தால் வகுத்தால் நானோமீட்டர். அவை வெற்றிட அலைநீளங்கள், காற்று அலைநீளத்தோடு கலந்துவிடாதீர்கள். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எடை நிரல் ஒன்று இருக்கும். அது சுழி என்றால் அந்தப் புள்ளி கெட்டது, நீக்கிவிடுங்கள். நீக்காமல் விட்டால் அபாரமான பள்ளம் என்று கொண்டாடுவது ஒரு பழுதான புள்ளியாகப் போகலாம்.

செம்பெயர்ச்சி 2.8 கொண்ட குவாசார் என்றால் லைமன் ஆல்ஃபா உச்சி 462 நானோமீட்டரில் தெரியவேண்டும். அங்கே இல்லையென்றால் பட்டியலில் உள்ள எண் தவறு, அதை விட்டுவிடுங்கள். நீங்கள் எடுக்கும் பகுதி 395.2இலிருந்து 457.9 வரை. உச்சிக்குச் சிவப்புப் பக்கம் கோடு ஏறத்தாழ அமைதியாகவும் நீலப் பக்கம் சிதைந்தும் இருப்பதை முதல் பார்வையிலேயே காண்பீர்கள். அடுத்து இருபது நிறமாலைகளையும் குவாசாரின் சொந்த அளவுக்கு மாற்றாமல், அளந்த அலைநீளத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரியும் எடுத்துப் பாருங்கள். உண்மையான காட்டின் பள்ளங்கள் குவாசாருக்குக் குவாசார் இடம் மாறும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு குறை நின்றால் அது நம் பக்கத்துச் சரக்கு. 393.5, 397.0 நானோமீட்டரில் என்றால் பால்வழியின் கால்சியம். 436.0இல் என்றால் தெருவிளக்குப் பாதரச ஒளியைக் கழித்தபோது விடுபட்ட மிச்சம். அந்த இடங்களைச் சுற்றி ஒரு நானோமீட்டர் அளவுக்கு மறைத்துவிட்டு, மிஞ்சிய புள்ளிகளில் சராசரியை மறுபடி எடுங்கள்.